திருகைக் கல் காத்த சரித்திரம்



இன்று எழுத்துப் பயிற்சி கிடையாது. ஒரு பேச்சு மட்டும்தான். வேலை முடித்துக் களைத்து வந்திருக்கிறீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து கேளுங்கள். இடையில் கேள்வி கேட்கலாம்.

முதலில் நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் என்ன? உடனே சொல்லிவிடுவீர்கள். அந்தப் பாட்டியைப் பெற்ற அம்மாவின் பெயர்? இப்போது பாதிப் பேர் யோசிக்கிறீர்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார்? எந்தப் பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தார்? எத்தனை பிள்ளை பெற்றார்? அதில் எத்தனை பிள்ளையைப் பறிகொடுத்தார்?

ராஜாவுக்குக் கல்வெட்டு இருக்கிறது. கோவிலுக்குச் செப்பேடு இருக்கிறது. நிலம் உள்ளவருக்குப் பத்திரம் இருக்கிறது. நம் பாட்டிக்கு என்ன இருக்கிறது? ஏதாவது ஒரு ரேஷன் கார்டில் பெயர் இருக்கலாம். அதிலும் எழுத்துப் பிழை இருக்கும்.

அப்படியானால் ஏழைகளுக்குச் சரித்திரம் இல்லையா? இருக்கிறது. அது ஏட்டில் இல்லை. சிலருடைய நெஞ்சில் இருந்தது. அவர்கள் அதைப் பாட்டாகவும் கதையாகவும் காத்து வைத்தார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

ரொம்ப தூரம் போக வேண்டாம். நம் புனேயிலிருந்தே தொடங்கலாம்.

கட்கி ஸ்டேஷனில் லோனாவளா லோக்கல் ஏறிப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தளேகாவ் தாண்டினால் மலை தெரியும். அது மாவள் தாலுகா. அதற்குத் தெற்கே முள்ஷி தாலுகா. மழைக்காலத்தில் மலையெல்லாம் அருவியாகக் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டணத்து ஆட்கள் அங்கே வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். ஆனால் அந்த மலையில் பிறந்து வாழ்ந்த பெண்களுக்கு வாழ்க்கை வேடிக்கையாக இல்லை.

அந்த வீடுகளில் ஒரு கல் இருக்கும். மராத்தியில் ஜாத்தே என்பார்கள். நம் ஊரில் திருகை என்போம். இரண்டு வட்டக் கல். ஒன்றின் மேல் ஒன்று. மேல் கல்லின் நடுவில் ஒரு குழி. ஓரத்தில் ஒரு மரப்பிடி. குழியில் தானியத்தைப் போட்டுச் சுற்றினால் ஓரத்தில் மாவு விழும். உங்களில் வயதானவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் தோள்பட்டைக்கே தெரியும்.

சேவல் கூவுவதற்கு முன்னால் பெண்கள் எழுந்துவிடுவார்கள். அன்றைக்கு வேண்டிய சோளத்தையும் கம்பையும் கேழ்வரகையும் அரைக்க வேண்டும். மாமியாரும் மருமகளும் எதிர் எதிரே உட்காருவார்கள். அல்லது ஓரகத்திகள் இருவர் உட்காருவார்கள். ஒரே பிடியை இருவரும் பிடித்துச் சுற்றுவார்கள். வெளியே இருட்டு. ஆண்கள் தூங்குகிறார்கள். பிள்ளைகள் தூங்குகிறார்கள். அப்போது ஒரு பெண் பாட ஆரம்பிப்பாள். கல் சுற்றுகிற வேகத்துக்குப் பாட்டு ஓடும். அந்தப் பாட்டுக்கு ஓவி என்று பெயர். பெரும்பாலும் இரண்டே அடி. ஒருத்தி பாடி முடித்தால் அடுத்தவள் அதைப் பிடித்துக்கொள்வாள். அவள் தன் பங்குக்கு ஒன்று சேர்ப்பாள்.

என்ன பாடினார்கள்? பிறந்த வீட்டைப் பாடினார்கள். சீர் கொண்டு வரும் அண்ணனைப் பாடினார்கள். வராத அண்ணனையும் பாடினார்கள். பண்டரிபுரத்து விட்டலனைப் பாடினார்கள். அடிக்கிற புருஷனைப் பாடினார்கள். பகலில் வாய் திறந்து சொல்ல முடியாததை எல்லாம் அந்த நேரத்தில் கல்லிடம் சொன்னார்கள்.

ராமாயணமும் பாடினார்கள். ஆனால் அவர்கள் பாடிய ராமாயணத்தில் பெரிய இடம் சீதைக்குத்தான். ஒரு தப்பும் செய்யாதவளைக் காட்டுக்கு அனுப்பினார்களே என்று பாடினார்கள். அது சீதையின் கதை மட்டும்தானா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பீட் மாவட்டத்தில் மாஜல்காவ் என்று ஓர் ஊர். அங்கே தலித் பெண்கள் இதே திருகைப் பாட்டில் டாக்டர் அம்பேத்கரைப் பாடினார்கள். 1956-ல் நாக்பூரில் அவர் லட்சக்கணக்கான மக்களோடு பவுத்தம் ஏற்றார் அல்லவா? அந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. இந்தப் பெண்கள் பத்திரிகை படித்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்த நாள் அவர்கள் பாட்டுக்குள் வந்துவிட்டது. தாயிடமிருந்து மகளுக்குப் போனது. சரித்திரம் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் நடக்கிறது என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

பிறகு மாவு மில் வந்தது. இங்கே கிர்ணி என்கிறோம். டப்பாவைக் கொண்டுபோய் வைத்தால் பத்து நிமிடத்தில் மாவு தயார். நல்லதுதான். பழைய காலமே பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. தினமும் விடிகாலையில் எழுந்து கல் சுற்றுவது பெரும்பாடு. அந்த வேலை ஒழிந்ததற்கு எந்தப் பெண்ணும் அழுதிருக்க மாட்டாள். ஆனால் கல் நின்றதும் பாட்டும் நின்றது. திருகை மூலைக்குப் போயிற்று. பாடத் தெரிந்த பெண்களுக்கும் வயதாகிக்கொண்டே வந்தது.

அந்தச் சமயத்தில் புனேயில் இரண்டு பேர் இதைக் கவனித்தார்கள். ஒருவர் ஹேமா ராய்க்கர். இன்னொருவர் கீ புவாத்வான். அவர் பிரான்சு நாட்டில் பிறந்தவர். 1972-ல் இந்தியாவுக்கு வந்து புனேயிலேயே தங்கிவிட்டார். பிறகு இந்தியக் குடிமகனாகவும் ஆனார். இருவரும் மலைக் கிராமத்து ஏழைகளோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். 1980-களில் திருகைப் பாட்டுகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டார்கள்.

எத்தனை பாட்டு சேர்ந்தது தெரியுமா? 1 லட்சத்துக்கும் மேல். 1,000-க்கும் அதிகமான கிராமங்கள். பாடியவர்கள் 3,300-க்கும் மேல். 1990-களில் பெர்னார் பெல் என்ற இன்னொரு பிரான்சுக்காரர் வந்தார். அவர் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யவும் கணிப்பொறியில் வரிசைப்படுத்தவும் உதவினார். புவாத்வான் 2004-ல் இறந்தார். ஹேமா ராய்க்கர் 2010-ல் இறந்தார். ஆனால் வேலை நிற்கவில்லை. 'பாரி' என்ற இணைய ஆவணக் காப்பகம் 2017 முதல் இந்தப் பாட்டுகளை வெளியிட்டு வருகிறது. கைப்பேசி இருந்தால் அந்த அம்மாக்களின் குரலையே கேட்கலாம்.

1 லட்சம் என்ற எண்ணிக்கை பெரிதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. பாட்டோடு பாட்டாகப் பாடியவரின் பெயரையும் எழுதினார்கள். அவர் ஊரையும் எழுதினார்கள். அரசாங்கக் காகிதத்தில் பலகாலம் 'இன்னாருடைய மனைவி' என்று மட்டுமே இருந்த பெண்கள் அவர்கள். இங்கே சொந்தப் பெயரோடு இருக்கிறார்கள்.

சரி, இது வீட்டுக்குள் நடந்தது. வெளியே, சந்தையிலும் திருவிழாவிலும் சரித்திரம் பாடியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஷாஹிர் என்று பெயர். அவர்கள் பாடும் வீரக்கதைப் பாட்டுக்குப் பவாடா என்று பெயர். கையில் டஃப் என்ற பறை இருக்கும். பக்கத்தில் ஒருவர் துந்துணே என்ற ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டுவார். சிவாஜி ஜெயந்தி அன்று நம் தெருவிலேயே ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். நரம்பு புடைக்கப் பாடுவார்கள்.

சிங்ககட் கோட்டைக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். மேலே போய்ப் பிட்லா, பாக்கரி, தயிர் சாப்பிட்டு வந்திருக்கிறோம். அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு பழைய பவாடா இருக்கிறது. துளசிதாஸ் என்ற ஷாஹிர் பாடியது. ராமாயணம் எழுதிய துளசிதாசர் வேறு, இவர் வேறு. 1670-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஓர் இரவில் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே மலை ஏறிக் கோட்டையைப் பிடித்தார். அந்தச் சண்டையிலேயே உயிரையும் விட்டார். இது நடந்த விஷயம். பவாடா இதை விரிவாகச் சொல்கிறது. சண்டைக்கு முன் தானாஜி வீட்டில் மகனுக்குக் கல்யாண ஏற்பாடு நடந்தது என்கிறது. உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி மலை ஏறினார்கள் என்கிறது.

உடும்பு ஆளைத் தாங்குமா? சரித்திர ஆசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. இன்னொன்றும் உண்டு. தானாஜி சிங்கம் போலச் செத்ததால்தான் அந்தக் கோட்டைக்குச் சிங்ககட் என்று பெயர் வந்ததாக ஊரெல்லாம் சொல்வார்கள். ஆனால் 1663-லேயே சிவாஜியின் கடிதம் ஒன்றில் அந்தப் பெயர் இருக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதாவது தானாஜி சாவதற்கு ஏழு வருடம் முன்பே.

அப்படியானால் பாட்டு பொய்யா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பாட்டில் கூட்டிச் சொல்வது இருக்கும். கேட்பவர் கண் இமைக்காமல் உட்கார வேண்டும் அல்லவா? காகிதத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? ராஜா பணம் கொடுத்து எழுத வைத்த காகிதத்திலும் கூட்டிச் சொல்வது இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தேதிக்குக் காகிதம் நல்லது. அன்றைக்கு மக்கள் என்ன நினைத்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் பாட்டு நல்லது.

ஷாஹிர் என்றதும் அண்ணாபாவ் சாட்டேயைச் சொல்லாமல் விட முடியாது. சாரஸ்பாக் பக்கம் அவர் சிலை இருக்கிறது. 1920-ல் சாங்கிலி மாவட்டத்தில் வாட்டேகாவ் கிராமத்தில் பிறந்தார். மாங் சாதியில் பிறந்ததால் ஊருக்கு வெளியே குடியிருப்பு. பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. ஒன்றிரண்டு நாளோடு சரி என்பார்கள். வறுமையால் குடும்பத்தோடு மும்பைக்கு வந்தார். மும்பைத் தெருவில் கடைப் பலகைகளையும் சினிமாச் சுவரொட்டிகளையும் பார்த்துப் பார்த்து எழுத்துக் கற்றார் என்று சொல்வார்கள். நீங்கள் பஸ் பலகையைக் கூட்டிப் படிக்கிறீர்களே, அதே மாதிரிதான்.

அவர் பவாடா பாடினார். கூலித் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். பிறகு கதை எழுதினார். 1959-ல் 'ஃபகீரா' என்ற நாவல் வந்தது. தன் சாதியில் பிறந்த ஒரு வீரனின் கதை அது. அந்தக் கதையை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தன் மக்கள் வாயால் கேட்டது. வெள்ளைக்கார சர்க்கார் அந்த மக்களைக் குற்றப் பரம்பரை என்று பதிவேட்டில் எழுதியது. பஞ்சத்தில் ஊருக்குத் தானியம் கொடுத்த வீரன் என்று மக்கள் அவனைக் கதையில் வைத்தார்கள். அண்ணாபாவ் 1969-ல் இறந்தார். கேட்டதையும் எழுத்தையும் ஒரே ஆள் கையில் சேர்த்தவர் அவர். இதை மனதில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

நம் தமிழ்நாட்டிலும் இப்படித்தான். 1799-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். 1801-ல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். ஊர்ப் பெயரையே காகிதத்திலிருந்து அழித்தார்கள். ஆனால் வாயிலிருந்து அழிக்க முடியவில்லை. கதைப்பாடலாகப் பாடிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் நா. வானமாமலை என்ற ஆசிரியர் இப்படிப்பட்ட கதைப்பாடல்களைத் தேடித் தேடிப் பதிப்பித்தார். கரிசல் காட்டில் கி. ராஜநாராயணன் நாட்டுப்புறக் கதைகளைச் சேர்த்தார். கி.ரா. அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் கதை சேர்த்ததற்காகப் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டுப் பேராசிரியர் ஆக்கியது. 2021-ல் தொண்ணூற்றெட்டு வயதை நெருங்கியபோது இறந்தார்.

இப்போது உங்களைக் கடல் தாண்டி ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன். அந்த ஊர்க் கதையைக் கேட்டால் நம் வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் அயர்லாந்து என்ற தீவு இருக்கிறது. நம்மைப் போலவே ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த நாடு. அதன் பெரும்பகுதி 1922-ல் விடுதலை பெற்றது. அந்த மக்களின் சொந்த மொழி கேலிக். அந்த மொழியில் ஷனஹீ என்று ஒரு சொல் உண்டு. பழைய கதைகளையும் வம்ச வரலாற்றையும் நினைவில் வைத்துச் சொல்பவர் என்று பொருள்.

பழைய காலத்தில் ஷனஹீகள் குறுநில மன்னர்களிடம் இருந்தார்கள். இன்ன ராஜாவுக்கு இன்னார் அப்பா, அவருக்கு இன்னார் அப்பா என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிப்பார்கள். நிலத் தகராறு வந்தால் இவர்களைத்தான் கேட்க வேண்டும். 17-ம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அந்த மன்னர்களை ஒழித்துவிட்டார்கள். ஆதரித்தவர் போனதும் ஷனஹீயின் வேலை போயிற்று. ஆனால் கதை போகவில்லை. அரண்மனையிலிருந்து இறங்கிக் குடிசைக்கு வந்துவிட்டது. மீனவரும் விவசாயியும் ஷனஹீ ஆனார்கள். குளிர்கால இரவுகளில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டார்கள். பகலில் கதை சொல்லக்கூடாது, ஆகாது என்பார்கள். வேலை கெட்டுப்போகும் என்பதால் யாரோ புத்திசாலி கிளப்பிவிட்டது என்று நினைக்கிறேன். வட இந்தியாவிலும் பகலில் கதை சொன்னால் மாமா வழி தவறிவிடுவார் என்று பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சாப்பாடு. சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். அதற்கும் குறையாமல் கப்பல் ஏறிப் பிழைக்கப் போனார்கள். செத்தவர்களிலும் போனவர்களிலும் கேலிக் பேசும் ஏழைகளே அதிகம். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். பல இடங்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைத் தொங்க விட்டார்கள். கேலிக்கில் பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. சாயங்காலம் வெட்டுகளை எண்ணி அடி. சில வீடுகளில் பெற்றோரே அதற்குச் சம்மதித்தார்கள். ஆங்கிலம் வந்தால்தானே பிழைக்கலாம் என்று நினைத்தார்கள். அவர்களை நாம் குறை சொல்ல முடியுமா? நாமும் அதே கணக்குப் போடுகிறவர்கள்தான்.

அந்த நாட்டில் பெக் சேயர்ஸ் என்று ஓர் அம்மா இருந்தார். 1873-ல் பிறந்தவர். அவருடைய அப்பா பெரிய கதைக்காரர். அடுப்படியில் அப்பா சொன்ன கதைகளைக் கேட்டே வளர்ந்தார். சின்ன வயதிலேயே அடுத்த வீட்டில் வேலைக்குப் போனார். பிறகு பெரிய பிளாஸ்கட் என்ற குட்டித் தீவில் வாழ்க்கைப்பட்டார். கடலும் பாறையும் மீனும்தான் அங்கே. பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தார். ஒரு மகன் பாறையிலிருந்து விழுந்து செத்தான். மற்ற பிள்ளைகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அவருக்கு நூற்றுக்கணக்கான கதைகள் தெரியும். ஆனால் கேலிக் எழுத வராது. பள்ளியில் ஆங்கிலம்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தாய்மொழி வாயில் இருந்தது, கையில் இல்லை. அதனால் அவர் சொல்லச் சொல்ல மகன் எழுதினார். 1936-ல் அது புத்தகமாக வந்தது. பல வருடங்கள் அயர்லாந்துப் பள்ளிகளில் பாடப் புத்தகமாகவும் இருந்தது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் பலருக்கு அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம். பாடப் புத்தகத்தில் வந்தால் எதுவுமே கசக்கும் போலிருக்கிறது!

அந்த நாட்டு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 1935-ல் நாட்டுப்புறக் கதைகளைச் சேகரிக்க ஓர் ஆணையம் அமைத்தது. சேகரிப்பவர்கள் வீடு வீடாகப் போனார்கள். கனமான ஒரு ஒலிப்பதிவு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். மெழுகு உருளையில் குரல் பதியும். ஆனால் புது உருளை வாங்கப் பணம் போதாது. அதனால் கேட்டு எழுதி முடித்ததும் மெழுகைச் சீவிவிடுவார்கள். அதே உருளையில் அடுத்தவர் குரலைப் பதிவார்கள். குரல் போய்விட்டது. எழுத்து மட்டும் நின்றது.

1937 முதல் 1939 வரை இன்னொன்றும் செய்தார்கள். பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வா என்றார்கள். சுமார் 50,000 பிள்ளைகள் எழுதினார்கள். பேய்க் கதை, பஞ்சக் கதை, நாட்டு மருந்து, எந்தக் கிணற்றில் என்ன விசேஷம், எந்த மேட்டில் யார் புதைந்திருக்கிறார்கள் என்று எல்லாம் வந்தது. லட்சக்கணக்கான பக்கங்கள். இன்றைக்கும் பத்திரமாக இருக்கின்றன. 2017-ல் யுனெஸ்கோ இந்த ஆணையத்தின் தொகுப்பை உலகத்தின் நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. பெக் அம்மா வாழ்ந்த தீவில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. 1953-ல் கடைசிக் குடும்பங்களையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இப்போது அங்கே பழைய வீட்டுச் சுவர்கள் நிற்கின்றன. ஊர் காலி. ஊரின் பேச்சு மட்டும் புத்தகத்தில் இருக்கிறது.

இந்தக் கதையை நான் ஏன் இவ்வளவு நீளமாகச் சொன்னேன்?

பெக் அம்மாவின் நிலைமையை நம்மோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் புனேயில் பிறந்தேன். மராத்தி மீடியத்தில் படித்தேன். தமிழ் எழுத்து வீட்டில் கற்றது. என் வயதுப் பிள்ளைகள் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. மராத்தி எழுதுவார்கள், இந்தி எழுதுவார்கள், ஆங்கிலம் எழுதுவார்கள். தமிழ் பேசுவார்கள், அவ்வளவுதான். என் ஆச்சி தாலாட்டு பாடுவார். ஒப்பாரி சொல்வார். ஒப்பாரியில் செத்தவரின் பிறப்பு, வளர்ப்பு, சண்டை, சமாதானம் எல்லாம் வந்துவிடும். அதுவும் ஒரு சரித்திரம்தான். அதை எழுத என் அண்ணன் பிள்ளைகளால் முடியாது. கேட்கும்போதே பாதி புரியாது.

பாட்டிக்குத் தெரியும், எழுத வராது. பேரனுக்கு எழுத வரும், பாட்டு தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருக்கிறீர்கள். இந்த மையத்தில் நாற்பது வயதில், ஐம்பது வயதில் 'அ' எழுதியவர்கள். உங்களுக்குப் பாட்டும் தெரியும், இப்போது எழுதவும் தெரியும். அண்ணாபாவ் சாட்டேயிடம் இருந்த அந்த இரண்டும் உங்களிடம் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் உங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இருந்ததில்லை. உங்களுக்குப் பின்னால் இருக்கப் போகிறதா என்பதும் சந்தேகம்தான்.

'நான் படிக்காதவள், எனக்கு என்ன தெரியும்' என்று இங்கே தினமும் யாராவது சொல்கிறீர்கள். திருகை சுற்றிய பெண்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது. 1 லட்சம் பாட்டு அவர்களிடம் இருந்தது.

சரி, எப்படி எழுதுவது? சில விஷயம் சொல்கிறேன்.

பக்கத்தின் மேலே சொன்னவர் பெயரை எழுதுங்கள். ஊர், வயது, தேதி எழுதுங்கள். அம்மா சொன்னதா, அத்தை சொன்னதா என்பது முக்கியம். பேசுகிற மாதிரியே எழுதுங்கள். திருத்த வேண்டாம். ஒரே விஷயத்தைப் பெரியப்பா ஒரு மாதிரியும் சித்தி வேறு மாதிரியும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று அங்கே பஞ்சாயத்து வைக்க வேண்டாம்.

எப்போது புனேக்கு வந்தீர்கள், யார் கூட்டி வந்தார்கள், முதல் கூலி எவ்வளவு, எந்த வாடியில் குடிசை போட்டீர்கள், வெள்ளம் வந்தபோது எங்கே ஓடினீர்கள் என்று கேளுங்கள். 1961-ல் பான்ஷெட் அணை உடைந்து புனேயில் வெள்ளம் புகுந்ததே, அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. அவர்களிடம் முதலில் போங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். திருகைப் பாட்டு ஆண்கள் இல்லாத நேரத்தில் பாடியது. வீட்டுப் பெண்கள் உங்களிடம் சொல்கிற சில விஷயமும் அப்படித்தான். 'இதை எழுதட்டுமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பேனாவை வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள்.

போன வாரம் ஓர் அக்கா கேட்டார்கள். பாட்டில் தமிழும் மராத்தியும் கலந்து வருகிறதே, எப்படி எழுதுவது என்று. கலந்தே எழுதுங்கள். கல்யாண வீட்டில் நாம் அப்படித்தானே பாடுகிறோம்? அது புனேத் தமிழரின் பாட்டு.

பின்னால் இருக்கிற அண்ணன் ஒருவர் கேட்கிறார், கைப்பேசியில் பதிவு செய்தால் போதாதா என்று. பதிவு செய்யுங்கள், குரலும் வேண்டும். ஆனால் அன்று இரவே நோட்டிலும் எழுதிவிடுங்கள். அயர்லாந்தில் மெழுகைச் சீவினார்கள். நம் வீட்டில் கைப்பேசியில் இடம் நிரம்பினால் பேரன் முதலில் அழிப்பது பாட்டியின் பாட்டைத்தான்.

நோட்டுகள் மேஜை மேல் இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டு, ஆளுக்கு ஒன்று. பேனா கேட்காதீர்கள், ஏழுதான் இருக்கிறது.